முகூர்த்தத் திட்டு

சினிமாக்காரர்களின் சாலிகிராமத்தில் ஒருவனுக்குச் சங்கீதம் தெரிந்திருப்பதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும், எப்படியும் பிழைத்துக்கொள்ளலாம். ஞானசிகாமணிக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை. மார்த்தாண்டத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். ஊரில் உள்ள இசையமைப்பாளர்களுக்கெல்லாம் கீபோர்டு வாசித்து வாசித்தே முன்தலை வழுக்கையானவர். நாலு சுரம் இசைவாகச் சேர்ந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடுகிறவனை எந்தத் தயாரிப்பாளர் நம்புவார்? ஆள் தூங்குகிறான் என்றுதான் நினைப்பார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தான் போட்ட மெட்டு ஒன்றை, கை கால் ஒடியாமல், நாலு பேர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பங்களா, கார் எல்லாம் அவர் கனவில்கூட வந்ததில்லை. அவர் மனைவி ஹெலன், கேட்பதற்கு நான் ஒருத்தி இருக்கிறேனே போதாதா என்பாள். நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டே அல்லவா கேட்கிறாய் என்பார் இவர். அவளுடைய அண்ணன் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். தினம் காலையில் பிரார்த்தனைப் பாட்டுக்கு ஹார்மோனியப் பெட்டி வாசிக்க அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. முதல் படம் கிடைத்த அன்றைக்கு ஹெலன் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: இது ஒன்று. இதுவும் கவிழ்ந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

அந்த முதல் படத்தின் தயாரிப்பாளர் மார்பிள் மகாலிங்கம். பெயரிலேயே தொழில் இருக்கிறது. வளசரவாக்கத்தில் அவருடைய கல் கிடங்குக்கு மேலே ஓர் அறையில்தான் மெட்டுப் போடும் வேலை நடந்தது. கீழே கல் அறுப்பார்கள், மேலே இவர் மோகனத்தை அறுக்க வேண்டும். இயக்குநர் அதிரன் இளைஞர், தாடி வைத்தவர், எதையும் நேராகச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நம்புகிறவர். கதாநாயகன் தாயைப் பிரிந்து துபாய்க்குப் போகிறான், அந்த இடத்தில் ஒரு பாட்டு. இதைச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது வேறு.

"மாஸ்டர், மழை விட்டுப்போச்சு. டீக்கடை ஓரமா ஒரு நாய் நிக்குது. அதுக்குத் திடீர்னு அம்மா ஞாபகம் வருது. அந்த நாயை எனக்கு மெட்டுல குடுங்க."

ஞானசிகாமணி கொடுத்தார். ஒன்றல்ல, வாரக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மெட்டும் இயக்குநரைத் தாண்டி மகாலிங்கத்திடம் போகும். அவர் தன் டிரைவரைக் கேட்பார். டிரைவர் தலையாட்டினால் ராஜபாளையத்தில் இருக்கும் மாமியாருக்குப் போன் போடுவார். அந்த அம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் இரண்டு தடவை பாட வேண்டும். அங்கேயும் தேறினால் கதாநாயகன், சூறாவளி நட்சத்திரம் விதுரனுக்குப் போகும். விதுரனுக்கு மெட்டுக் கேட்கிற வழக்கம் இல்லை. அவருடைய உடற்பயிற்சி ஆசிரியர் அதைப் போட்டுக் கேட்டபடியே தண்டால் எடுப்பார். தோள்பட்டை ஒத்துழைத்தால் மெட்டு நல்ல மெட்டு. தாயைப் பிரியும் சோகப் பாட்டுக்கு எந்தத் தோள்பட்டை ஒத்துழைக்கும்? மெட்டெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

ஒருநாள் மதியம் பிரியாணி வந்தது. எல்லோரும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாசனை மட்டும் வெளியே வந்தது. ஞானசிகாமணியைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது. ஹார்மோனியத்தைக் கூப்பிட்டார்களா, அதுபோலத்தான். ஜன்னல் பக்கம் நாற்காலியில் ஒலிப்பதிவாளர் லாரன்ஸ் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தின்றுகொண்டிருந்தான்.

மெட்டுக்குப் பாட்டு எழுதுவதற்கு முன்னால் இசையமைப்பாளரே வாய்க்கு வந்த வார்த்தைகளைப் போட்டுப் பாடி வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். டம்மி வரிகள் என்பார்கள். அன்பே, தேனே, நிலாவே என்று எதையாவது போடுவார்கள். கவிஞர் வந்து அதை எடுத்துவிட்டு வேறு நிலாவைப் போடுவார். அன்றைக்கு ஞானசிகாமணிக்குத் தேனும் வரவில்லை, நிலாவும் வரவில்லை. பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறந்ததிலிருந்து ஒரு மனிதரையும் எதிர்த்துப் பேசாத வாய், பாட ஆரம்பித்தது.

*மானங்கெட்ட மார்பிள் மண்டையா*
*மணி மூணாச்சே சோறு எங்கடா*
*நாயைக் கேட்ட தாடிக்காரா*
*நாலு சுரம் நீ அறிவாயாடா*
*மூக்கால் பாடும் சூறாவளியே*
*மூச்சை அடக்கு, ஊரு பிழைக்கும்டா*

அந்த அறையில் யாராவது இருமினாலும் பதிவு செய்துவிட வேண்டும் என்பது விதி. லாரன்ஸ் தயிர்சாதக் கையோடு பதிவு செய்தான். சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது. பாட்டு முடிகிற நேரத்தில் அதிரன் பல் குத்திக்கொண்டே வெளியே வந்தார். அவர் காதில் வார்த்தை விழவில்லை, கடைசி இழுப்பு மட்டும் விழுந்தது. அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது.

"மாஸ்டர், இதான். இதான் அந்த நாய்."

வார்த்தை இல்லாமல் வாசித்துக் காட்டியதில் டிரைவர், மாமியார், தோள்பட்டை எல்லாம் கடந்து மெட்டுத் தேறிவிட்டது. கவிமுகில் இளவழகன் தன் கார் இரண்டு சிக்னல்களில் நின்ற இடைவெளியில் தாய், சேலை, தலைப்பு, தாலாட்டு என்று எழுதிக் கொடுத்தார். விதுரன், நானே பாடுகிறேன் என்று வழக்கம்போல அடம்பிடித்து மூக்கால் பாடினார். அவருடைய குரலைக் கம்ப்யூட்டரில் போட்டு இழுத்துச் சுருதிக்குக் கொண்டுவருவதற்குள் லாரன்ஸுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கழுத்துவலிதான் வினையாகப் போயிற்று. இசை வெளியீட்டு விழா அன்று சாயங்காலம் ஞானசிகாமணி ஹெலனோடு ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போது லாரன்ஸ் போன் செய்தான். இந்தத் தொழிலில் ஒரு பாட்டுக்குப் பைனல், பைனல் ஓகே, ஓகே பைனல் புதுசு என்று கம்ப்யூட்டரில் பத்துப் பிள்ளைகள் இருக்கும். தலையைத் திருப்ப முடியாமல் அவன் விழா அரங்குக்கு அனுப்பியது தாய்ப்பாட்டை அல்ல, பிரியாணிப் பாட்டை.

"மாஸ்டர், கோச்சுக்காதீங்க. சரியான பாட்டை எடுத்துக்கிட்டு பைக்ல வந்துட்டே இருக்கேன். ஆனா ஆற்காடு ரோடு பூரா ஜாமாயிருக்கு. நம்ம விழாவுக்குப் போற விதுரன் ரசிகர்கள்தான் பாலாபிஷேகம் பண்ணிக்கிட்டு நிக்கறாங்க. எப்படியாச்சும் பாட்டைப் போடவிடாம இழுத்துப் பிடிங்க."

ஞானசிகாமணியின் முகத்தைப் பார்த்து ஹெலன் விஷயத்தைக் கறந்துவிட்டாள். அண்ணனுக்கு இப்போதே போன் பண்ணிவிடட்டுமா, அந்த வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று அமைதியாகக் கேட்டாள். அவர் ஆட்டோக்காரரை வேகமாகப் போகச் சொன்னார்.

அரங்கத்தின் வாசலில் கறுப்புச் சட்டைத் தடியர்கள் அவரை உள்ளே விடவில்லை. நான்தான் இசையமைப்பாளர் என்றார். அதற்குத் தனிப் பாஸ் கிடையாது, பாஸ் வேண்டுமானால் யாருக்காவது சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல வேளையாகப் பின்வாசலில் பொன்னாடைகளைக் கூடையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஞானசிகாமணி ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டார், ஹெலன் மாலைக் கட்டைத் தூக்கிக்கொண்டாள், இருவரும் மரியாதையாக உள்ளே போனார்கள்.

உள்ளே போய் மகாலிங்கத்தைப் பிடித்தார். அண்ணே, ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது என்று ஆரம்பித்தார். இன்றைக்குத் தப்பெல்லாம் பேசக்கூடாது, மங்களகரமான நாள் என்று மகாலிங்கம் நகர்ந்துவிட்டார். அதிரனைப் பிடித்தார். அவர் தொலைவில் பார்த்துக்கொண்டு, தப்புதான் மாஸ்டர் கலை என்றார். விதுரனை நெருங்கவே முடியவில்லை. தண்டால் ஆசிரியர் இடையில் நின்றார்.

பாட்டை ஒலிபரப்பும் இயந்திரத்தின் பக்கம் போகலாமென்றால் அதற்கு அலங்காரமாகச் செயற்கை எரிமலை கட்டி மறைத்திருந்தார்கள். ஆக, பாட்டைத் தள்ளிப்போட ஒரே வழி பேச்சுத்தான். தமிழ்நாட்டில் மேடைப் பேச்சு நீளவேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்ட முதல் மனிதர் ஞானசிகாமணியாகத்தான் இருப்பார்.

வேண்டுதல் வீண்போகவில்லை. தயாரிப்பாளர் பேரவைத் தலைவர் தண்டபாணி மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பாட்டை நான் இன்னும் கேக்கல. கேக்கணும்னு அவசியமும் இல்ல. இதுவரைக்கும் எத்தனையோ மேடையில எத்தனையோ பாட்டை வாயாரப் பாராட்டியிருக்கேன். ஒண்ணைக்கூடக் கேட்டதில்ல. கேட்டிருந்தா பாராட்டியிருக்க முடியுமா? அதனாலதான் என்னைத் தலைவரா வச்சிருக்காங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடுத்துக் கவிமுகில் வந்தார். இந்தப் பாட்டுக்காகத் தான் உண்ணாமல் உறங்காமல் கிடந்ததாகவும், தன் தாயை எண்ணிக் கண்ணீர் விட்டதாகவும் சொன்னார். தாயார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இவன் ஊருக்கு வந்தே இரண்டு பொங்கல் ஆகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேச்சாளர்கள் தீரும் நிலைமை வந்தது. லாரன்ஸ் இன்னும் வடபழனியைத் தாண்டவில்லை. ஞானசிகாமணி தொகுப்பாளினியிடம் ஓடினார். ஃபைனான்சியரின் பல் டாக்டர் வந்திருக்கிறார், அவரைக் கூப்பிடாவிட்டால் வருத்தப்படுவார் என்றார். கூப்பிட்டார்கள். பல் டாக்டர் பாட்டு ஈறுவரை இறங்குவதாகச் சொன்னார். பிறகு மகாலிங்கத்தின் ஆடிட்டர் பேசினார். பிறகு கேன்டீன்காரர். பிறகு பொன்னாடைக் கூடை தூக்கி வந்தவர்கள். அவர்களில் ஒருவர் திரையிசையின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். மறுத்தவர் ஒருவரும் இல்லை. இந்தப் பாட்டுப் போலக் கேட்டதே இல்லை என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். ஒருவகையில் அது உண்மையும்கூட.

கடைசியில் பேச ஆளில்லாமல் போய்விட்டது. ஞானசிகாமணி ஹெலனைப் பார்த்தார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். விளக்குகள் அணைந்தன. எரிமலை புகைந்தது. பாட்டு ஆரம்பித்தது.

*மானங்கெட்ட மார்பிள் மண்டையா...*

அரங்கம் உறைந்தது. ஞானசிகாமணி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தாடிக்காரன் வந்தான், சூறாவளி வந்தது, மூக்கு வந்தது. ஒவ்வொரு 'டா'வும் அரங்கத்தின் எல்லாச் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. மார்த்தாண்டத்துக்கு எந்த ரயிலில் இடம் கிடைக்கும் என்று அவர் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

பாட்டு முடிந்தது. முதலில் எழுந்தவர் மகாலிங்கம். அவர் முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது. போட்டிக்கடை மார்பிள்காரனை இப்படிக் கேள்வி கேட்க ஒரு கலைஞனுக்குத்தான் தைரியம் வரும் என்று சொல்லிக் கைதட்டினார். அதிரன், நாயைக் கேட்ட தாடிக்காரன் என்றது தன்னுடைய பழைய குருநாதரை என்று புரிந்துகொண்டு சிலிர்த்தார். விதுரனுக்கு இன்னொரு நட்சத்திரத்தின் மூக்கு நினைவுக்கு வந்தது. அவர் விசிலடித்தார். அவர் அடித்ததும் ஊரே அடித்தது.

கவிமுகில் இளவழகன் இப்படியும் அப்படியும் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்ததும் எழுந்து கைகூப்பினார். மார்பிள் மண்டை என்பது கல்லாகிப்போன சமூகத்தின் மனசாட்சி, சோறு என்பது தாய், மணி மூன்று என்பது வாழ்க்கையின் பிற்பகல் என்று விளக்கினார். இதை எழுதும்போது தன் கை நடுங்கியதாம்.

இத்தனைக்கும் பிறகு மைக்கை ஞானசிகாமணியிடம் கொடுத்தார்கள். அவருக்குத் தாங்கவில்லை. மெட்டைப் பற்றி ஒரு ஜீவன்கூடப் பேசவில்லையே என்ற வயிற்றெரிச்சல் பயத்தை மீறிவிட்டது.

"ஐயா, இது சமூகமும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்குச் சோறு போடாம நீங்க பிரியாணி தின்னீங்க. அந்தக் கோவத்துல உங்களைத்தான் திட்டினேன். மகாலிங்கம் அண்ணனைத்தான், டைரக்டரைத்தான், ஹீரோவைத்தான். என்னை வீட்டுக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க. ஆனா மெட்டை மட்டும் ஒருதடவை கேளுங்க."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. என்ன தன்னடக்கம், என்ன நகைச்சுவை உணர்வு என்று தொகுப்பாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரே சுமந்துகொண்டு வந்த பொன்னாடைதான்.

பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பற்றிக்கொண்டது. தாய்ப்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, விமான நிலையத்தில் விதுரன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு மானங்கெட்ட மார்பிள் மண்டையா என்று அழுவதாகத் திரும்பப் படமெடுத்தார்கள். தியேட்டரில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். படம் ஓடிய ஓட்டத்தில் கோடம்பாக்கத்துக்கு ஒரு விஷயம் நிச்சயமாகிவிட்டது. ஞானசிகாமணி வாயால் திட்டு வாங்கினால் படம் ஓடும்.

கோடம்பாக்கத்தில் ஒன்று ஒருதடவை நடந்துவிட்டால் அது தற்செயல் இல்லை, சென்டிமென்ட். படப் பூஜை அன்றைக்குத் தேங்காய் உடைத்ததும் முகூர்த்தத் திட்டு என்று ஒரு சடங்கு ஏற்பட்டது. தயாரிப்பாளர் பட்டு வேட்டியில், குடும்பத்தோடு, கிழக்கே பார்த்து நிற்பார். ராகு காலம் கழிந்ததும் ஞானசிகாமணி பெட்டியை இழுத்து நாலு வரி திட்ட வேண்டும். மாமனார் பெயரையும் சேர்த்துத் திட்டும்படி சிலர் கேட்பார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சில வீடுகளில் கைக்குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டு, இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார், மந்தமாக இருக்கிறது என்பார்கள்.

கவிஞர்கள் சங்கம் சும்மா இருக்குமா? திட்டு என்பது சொற்களால் ஆனது, எனவே அது கவிஞரின் உரிமை என்று மனுக் கொடுத்தது. இசையமைப்பாளர்கள் சங்கமோ இழுத்துத் திட்டினால் அது சங்கீதம் என்றது. இரண்டு தரப்பும் தண்டபாணி முன்னால் உட்கார்ந்தன. ராகத்தோடு திட்டுவது இசையமைப்பாளருக்கு, ராகமில்லாமல் திட்டுவது கவிஞருக்கு, வெறுமனே முறைப்பது இயக்குநருக்கு என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

"சங்கம்னு ஒண்ணு இல்லேன்னா நாட்டுல ஒருத்தனையும் முறைப்படி திட்ட முடியாது. இதை நான் பெருமையோட சொல்லிக்கிறேன்."

ஞானசிகாமணிக்குப் பங்களா வந்தது, கார் வந்தது. நல்ல மெட்டு ஒன்று போட்டுக்கொண்டு போனால் அதை ஓரமாக வைத்துவிட்டு, திட்டு எப்போது சார் என்று கேட்டார்கள். ஹெலனுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"வீட்டுல ஒரு நாளாவது சத்தம்போட்டுப் பேசியிருப்பீங்களா? ஊருக்கெல்லாம் போய்த் திட்டிட்டு வாறீங்க. வந்து, வாலை மிதிச்சதுக்குப் பூனைகிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க."

அப்படி இருக்கும்போதுதான் நாமக்கல்லிலிருந்து ஆறுமுகசாமி வந்தார். முட்டை வியாபாரம். படம் எடுக்க ஆசைப்பட்டு வந்தவர். வந்த அன்றைக்கே ஞானசிகாமணிக்குத் தன் கையால் இலை போட்டுப் பரிமாறினார். கதை இன்னதென்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். அவசரமே இல்லைங்க, உங்களுக்கு எப்போது வருகிறதோ அப்போது போடுங்கள் என்றார். டிரைவரைக் கேட்கவில்லை. அவருக்கு மாமியாரும் இல்லை.

ஞானசிகாமணி இலையைத் துடைத்தாற்போல் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மார்த்தாண்டத்திலிருந்து எதற்காகப் புறப்பட்டு வந்தாரோ அந்த மெட்டு வந்தது. ஹெலன் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்று கேட்டாள். முடிந்த பிறகும் போகவில்லை. இதை யாரிடமும் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். ஆறுமுகசாமி அப்படிப்பட்டவர் இல்லை என்றார் இவர்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆறுமுகசாமி மனைவியோடு வந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாரன்ஸ் பதிவுக்கு எல்லா மைக்கையும் திறந்து வைத்திருந்தான். ஞானசிகாமணி கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரி முடிந்தது. ஆறுமுகசாமி மெல்லக் கனைத்தார். இதில் அது எங்கேங்க வருது என்று கேட்டார். எது என்று கேட்டுக்கொண்டே இவர் வாசித்தார். அதானுங்க, திட்டு என்றார் அவர். உங்களைத் திட்ட மனசு வரவில்லை ஐயா, கேளுங்கள், சரணம் வருகிறது என்றார் இவர்.

சரணம் வந்தது. ஆறுமுகசாமியின் மனைவி விசும்ப ஆரம்பித்தாள். மெட்டு ஆளை அசைத்துவிட்டது என்று ஞானசிகாமணிக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தம்மாள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறுமுகசாமிக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏனுங்க, நான் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணிப்போட்டேன்? அத்தனை பேரையும் திட்டிப்போட்டு என்னைய மட்டும் ஒதுக்கி வெக்கறீங்களே. சோறு போட்டது குத்தமுங்களா? வேணும்னா அந்தச் சோத்தைப் போடலைன்னே வெச்சுக்குங்க."

ஞானசிகாமணியின் கை பெட்டியை விடவில்லை. மெட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வாய் மட்டும் தன்போக்கில் திறந்துகொண்டது. அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கண்ணாடி அதிர்ந்தது.

"யோவ், உனக்கெல்லாம் காதுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா? வாழ்நாள் பூரா இதுக்காகத் தவம் கிடந்தேன்யா. உன்னை மனுசன்னு நம்பி எடுத்துட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நீ முட்டையைத் தவிர வேற எதைய்யா கண்டே? எந்திரிச்சு வெளிய போய்யா, கோழி மூளைக்காரா!"

கடைசிச் சுரம் அடங்கியது. ஆறுமுகசாமி எழுந்து நின்று கைகூப்பினார். முகம் கழுவி விட்டாற்போல் இருந்தது. அவர் மனைவி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"தம்பி, எல்லாம் பதிவாயிருச்சுங்களா?"

லாரன்ஸ் ஞானசிகாமணியின் முகத்தைப் பார்க்காமல், தயங்கித் தயங்கிப் பதில் சொன்னான். பதிவாகிவிட்டது, ஆனால் மாஸ்டர் வாசித்துக்கொண்டே கத்திவிட்டதால் மெட்டு அமுங்கிப்போய்விட்டது. திட்டு மட்டும்தான் கேட்கும் என்றான்.

"அது போதுமுங்க" என்றார் ஆறுமுகசாமி.